ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் இழுவை கூடும் என்கிறார்களே, உண்மையா? கன்ராட் நீளத்துக்கும் டார்க்குக்கும் என்ன சம்பந்தம்?

பாதி உண்மை. ஸ்ட்ரோக் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே ஓடும் தூரம். அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க், பிஸ்டனையும் அதையும் இணைக்கும் கம்பி கன்ராட். அந்தச் சுழற்சியின் முறுக்கு விசைதான் டார்க், நாம் இழுவை என்பது. குன்னூரில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். "லாங் ஸ்ட்ரோக் வண்டின்னா மலைல நல்லா ஏறுமாங்ணா?" என்று வாரத்துக்கு ஒருத்தராவது கேட்டுவிடுகிறார்.

திருகைக் கல்லில் கைப்பிடி நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, சுற்றுவது அவ்வளவு சுலபம். கிராங்க்கும் அப்படித்தான். கன்ராட் மாட்டும் கிராங்க் பின் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் தூரத்தின் இரண்டு மடங்குதான் ஸ்ட்ரோக். ஆக, ஸ்ட்ரோக் நீண்டால் கைப்பிடி நீள்கிறது, இழுவையும் கூடத்தானே வேண்டும்? இங்கேதான் எல்லோரும் ஒன்றை மறந்துவிடுகிறோம். சிசி, அதாவது எஞ்சினின் கொள்ளளவு, மாறாமல் ஸ்ட்ரோக்கை நீட்டினால் போர் (சிலிண்டரின் விட்டம்) குறுகியாக வேண்டும். பிஸ்டன் சிறிதானால் அதன் தலையில் விழும் விசையும் அந்த அளவுக்குக் குறையும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-ன் இப்போதைய எஞ்சினில் போர் 72 மி.மீ., ஸ்ட்ரோக் 85.8. கேடிஎம்மின் பழைய 373 சிசி டியூக் 390-ல் போர் 89, ஸ்ட்ரோக் வெறும் 60. பிஸ்டன் பரப்பைக் கிராங்க் ஆரத்தால் பெருக்குங்கள். கிளாசிக்கில் 40.7 சதுர செ.மீ. பெருக்கல் 4.29 செ.மீ., கிட்டத்தட்ட 175. டியூக்கில் 62.2 பெருக்கல் 3, கிட்டத்தட்ட 187. இரண்டுமே அந்தந்த எஞ்சினின் சிசியில் சரிபாதி! ஆரத்தில் வந்த லாபம் பரப்பில் போய்விடுகிறது. டார்க்கைத் தீர்மானிப்பது சிசியும், ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நிறைந்து எவ்வளவு நன்றாக எரிகிறது என்பதும்தான். அதனால்தான் நாலு வால்வும் அதிக கம்ப்ரஷனும் (எரியும் முன் கலவையை அழுத்தும் அளவு) உள்ள அந்தக் குட்டை ஸ்ட்ரோக் டியூக் 37 நியூட்டன் மீட்டர் தருகிறது, கிளாசிக் 27.

அப்புறம் ஏன் மலையில் கிளாசிக் சுகமாக ஏறுகிறது என்று கேட்பீர்கள். அந்த 27 கிடைப்பது 4000 ஆர்பிஎம்மில். டியூக்கின் 37-க்கு 7000 வரை முறுக்க வேண்டும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வேகம் செத்து, அடி ஆர்பிஎம்மிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். அங்கே உச்ச டார்க் எவ்வளவு என்பதை யாரும் பார்ப்பதில்லை, அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு.

நீளமான ஸ்ட்ரோக்கின் வேலை இங்கேதான் வருகிறது. போர் குறுகல் என்பதால் வால்வும் சிறிது. மெதுவாகச் சுற்றும்போதும் காற்று விசையோடு உள்ளே போகும், வேகமாகச் சுற்றினால் மூச்சு முட்டும். பிஸ்டன் ஒரு சுற்றில் ஓடும் தூரமும் அதிகம். அதிகபட்ச பவர் வரும் இடத்தில் இரண்டு வண்டியின் சராசரி பிஸ்டன் வேகத்தைப் பாருங்கள். கிளாசிக் 6100 ஆர்பிஎம்மில் நொடிக்கு 17.4 மீட்டர், டியூக் 9000-ல் 18. ஏறக்குறைய ஒன்றுதான். நீள ஸ்ட்ரோக்கை அதற்கு மேல் விரட்ட முடியாது என்பதால் கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), போர்ட் (காற்று போகும் வழி) எல்லாவற்றையும் கீழ் ஆர்பிஎம்முக்கு ஏற்றபடி அமைக்கிறார்கள். கூடவே கிராங்க்கோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீல். அது டார்க் தராது, ஆனால் வளைவில் எஞ்சின் அணைந்துபோகாமல் தாங்கும். (ஊட்டி 2240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எந்த ஸ்ட்ரோக்காக இருந்தாலும் அந்த நஷ்டம் உண்டு.)

சரி, கன்ராட். அது சிசியை மாற்றுவதில்லை, அதனால் டார்க்கில் அதன் பங்கு சொற்பம். 90 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 157.5 மி.மீ. ராட் போட்டால், ராடும் கிராங்க்கும் செங்கோணத்தில் நிற்பது பிஸ்டனின் மேல்முனை தாண்டி 74 டிகிரியில். 180 மி.மீ. போட்டால் 76. இரண்டே டிகிரி! தெரிகிற மாற்றம் வேறு இடத்தில். ராடின் அதிகபட்சச் சாய்வு 16.6 டிகிரியிலிருந்து 14.5-ஆகக் குறைகிறது. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உரசுவது குறையும், அதிர்வும் கொஞ்சம் அடங்கும்.

கன்ராட் நீளம் எங்கே காலை வாரும் என்பதை ஒரு வண்டியில் பார்த்தேன். பழைய 350 புல்லட், போர் 70, ஸ்ட்ரோக் 90. அதன் சொந்தக்காரர் சமவெளியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, கிராங்க் பின்னை 3 மி.மீ. வெளியே தள்ளி, ஸ்ட்ரோக்கை 96 ஆக்கிக் கொண்டுவந்தார். வேனில் ஏற்றித்தான் கொண்டுவந்தார், ஏனென்றால் கிக்கர் பாதியில் நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் பிறை மாதிரி ஒரு வெட்டு. வால்வு இடித்த தழும்பு. பின் 3 மி.மீ. தள்ளினால் பிஸ்டனும் 3 மி.மீ. மேலே வரும். அதற்குக் குட்டை கன்ராட் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிளாக்குக்கு அடியில் அதே கனத்துக்குத் தகடு வைத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை.

வளைந்த வால்வை மாற்றி, தகடு வைத்து, வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடையும் அதற்கேற்ப நீட்டிக் கொடுத்தேன். 346 சிசி 369 ஆகியிருந்தது. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஏறும்போது இழுவை கூடியது தெரிந்தது. ஆனால் பேலன்ஸ் பார்க்காத கிராங்க், 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் கை மரத்துப்போகும்.

அவர் வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 16 பல். 15 போட்டிருந்தாலே, டாப் ஸ்பீடு கொஞ்சம் குறையும், சக்கரத்துக்கு அதே இழுவை கிடைத்திருக்கும். 96-ஐ 90-ஆல் வகுத்தாலும் 16-ஐ 15-ஆல் வகுத்தாலும் ஒரே விடைதான். அவரிடம் இதைச் சொல்லவில்லை. பில்லைப் பார்த்தே முகம் வாடியிருந்தது.