பெரிய நிறுவனத்தில் வேலை: கேளுங்கள், சொல்கிறேன்

கொழும்பில் பெரிய தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில் 11 வருடம் படத்தொகுப்பாளராக இருந்துவிட்டுக் கல்லடிக்குத் திரும்பியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து: அண்ணன், பெரிய நிறுவனமா, ஊரில் கலியாண வீடியோவா?

தொழில் பழகப் பெரிய இடம்தான். கலியாண வீடியோவில் உங்கள் பிழை மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூடத் தெரியாது. அங்கே ஒலிக்காரர், நிறம் திருத்துபவர், தயாரிப்பாளர் என்று மூன்று பேர் தலையில் குட்டுவார்கள். சம்பளத்தில் 8 வீதம் உங்களிடம் பிடித்தால் நிறுவனம் 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போடவேண்டும்; ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3. ஐந்து வருடம் தாண்டினால், வேலையை விடும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. ஆனால் கடிதத்தில் உங்களை 'ஒப்பந்தக்காரர்' என்று எழுதியிருந்தால் இவற்றைக் கண்ணில் காட்டமாட்டார்கள். கையெழுத்துக்கு முன் வாசியுங்கள்.

கல்முனையிலிருந்து: சம்பளம் எவ்வளவு?

இடத்துக்கு இடம் மாறும்.

காத்தான்குடியிலிருந்து: மகள் அனிமேஷன் படித்தவள். வெளிநாட்டுப் பெரிய நிறுவனம் என்றால் பயமில்லைதானே?

டிஸ்னி 2023 பெப்ரவரியில் 7,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சி விளைவுகளுக்கு 2013இல் ஒஸ்கார் கிடைத்தது. அந்த வேலையைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் விருதுக்குச் சில நாட்கள் முன்பே வங்குரோத்துக்கு விண்ணப்பித்துவிட்டது. மகளை அனுப்புங்கள். கடன் எடுத்து வீடு கட்டுவதை மட்டும் தள்ளிவையுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து: நான் செய்த கூத்து நிகழ்ச்சியை நிறுவனம் திரும்பத் திரும்பப் போடுகிறது. எனக்கு ஒரு சதமும் இல்லை. நியாயமா?

சட்டப்படி சரி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், வேலையின் பகுதியாகச் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கு. பெயர் போடக் கேட்கும் உரிமை உங்களிடமே இருக்கும். அதை விடாதீர்கள்.

ஏறாவூரிலிருந்து: பெயர் சோறு போடுமா அண்ணன்?

எனக்குப் போட்டது. திரையில் பெயரைப் பார்த்துத்தான் அடுத்த வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

ஆரையம்பதியிலிருந்து மீண்டும்: அப்படியானால் கூத்துக் களரியில் ஆடிய அண்ணாவியாரின், கூத்தைப் பழக்கி நடத்திய ஆசானின், பெயர்?

இந்தக் கேள்விக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். விடியவிடிய ஆடிய வடமோடிப் பாணிக் கூத்தொன்றை 22 நிமிடமாக வெட்டியது இந்தக் கைதான். அண்ணாவியாரின் பெயரைக் கடைசியில் வைத்தேன். ஒளிபரப்பில் விளம்பரம் வந்து அதை விழுங்கிவிட்டது. கேட்டேன். 'அடுத்த முறை பார்க்கலாம்' என்றார்கள். கூத்து ஊருடையது என்கிறோம், பதிவு நிறுவனத்தினுடையது. இரவு முழுக்கத் தொண்டை வற்றப் பாடிய மனிதர் எதிலும் இல்லை. பெயரை முதல் நிமிடத்தில் வையுங்கள், தம்பி. அங்கே விளம்பரம் போடமாட்டார்கள்.

செங்கலடியிலிருந்து: சம்பளம் எவ்வளவு?

கல்முனைக்காரருக்குச் சொன்னதுதான். கடிதத்தை வாசியுங்கள், அதில் இருக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து: பெருநாளுக்கு வீட்டுக்கு வரலாமா?

பெருநாள், பொங்கல், தீபாவளி மூன்றுக்கும் சிறப்பு நிகழ்ச்சி உண்டு. அதைச் செய்ய ஆள் வேண்டாமா? மட்டக்களப்புக்கு வரும் உதயதேவி ரயிலுக்கு எடுத்த டிக்கெட்டுகளில் நான்கு இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன.