1950, 60களில் கட்டிய அரசுப் பள்ளிகள் எல்லாம் ஏன் ஒற்றை வரிசையாக, நீளமாக, ஒரே மாதிரி இருக்கின்றன?

இவற்றை யாராவது திட்டமிட்டு வரைந்தார்களா, அல்லது கொத்தனார் கைப்போக்கில் எழுந்தவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் படித்த பள்ளி சேலத்தில் அம்மாப்பேட்டைக்கு அப்பால், அன்றைக்கு ஊரின் எல்லையாகவும் தறிச் சத்தம் ஓயாத தெருக்களின் முடிவாகவும் இருந்த இடத்தில் உள்ளது. பின்னாளில் நான் கட்டடப் பொறியாளனானேன். அந்தப் பள்ளியை இடிக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, பழைய மாணவர்கள் கேட்டுக்கொண்டதற்காக அதன் மொட்டை மாடியில் ஏறி இரண்டு நாட்கள் தட்டிப் பார்த்தேன். எனவே என் பதில் பெரும்பாலும் அந்த ஒரு கட்டடத்தையே சுற்றி வரும்.

முதலில் காலத்தைச் சொல்ல வேண்டும். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி, பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே பள்ளியில் படிக்க வேண்டும். அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்ததாக நான் நினைக்கிறேன். ஆனால் இருக்கிற அறையிலேயே இரு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு கணக்கும் அதற்குள் இருந்தது. (சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் அல்லவா, அறைப் பற்றாக்குறை அவருக்குத் தெரியாததல்ல.) 1954இல் முதலமைச்சரான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார், 1956இல் மதிய உணவும் வந்தது. பிள்ளைகள் பெருகினார்கள், அறைகள் இல்லை. 1958 முதல், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. வசதியுள்ளவர்கள் நிலம் கொடுத்தார்கள். மற்றவர்கள் செங்கல், மரம், பெஞ்சு, கடிகாரம், மணி என்று முடிந்ததைக் கொடுத்தார்கள்.

உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. இந்த ஆண்டு இரண்டு அறைக்குப் பணம் சேரும், அடுத்து ஓர் அறைக்குச் சேரும், பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றும் சேராது என்ற நிலையில், முடிந்தவரை கட்டி நிறுத்திவிட்டுப் பின்னர் அதே சுவரிலிருந்து தொடரக்கூடிய வடிவம் ஒற்றை வரிசைதான். ரயிலுக்குப் பெட்டி கோப்பதுபோல அறையோடு அறையைக் கோத்துக்கொண்டே போகலாம். எங்கள் பள்ளியில் ஒவ்வோர் அறையும் 20 அடிக்கு 20 அடி; முன்னால் தாழ்வாரம்; ஏழு அறைகள். நான்காம் அறைக்கும் ஐந்தாம் அறைக்கும் நடுவே சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசலுக்குள் நாங்கள் சாக்பீஸ் துண்டுகளை ஒளித்துவைப்போம். அது விரிசலே அல்ல, இரண்டு காலங்கள் சேரும் மூட்டு என்பதைப் பொறியாளனான பிறகுதான் புரிந்துகொண்டேன்.

வரிசை கிழக்கு மேற்காக நீள்வதற்கும் காரணம் உண்டு. சேலத்தில் உச்சிச் சூரியன் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் நேர் தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட நான்கு மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மீதி மாதங்களெல்லாம் தெற்குப் பக்கம்தான். ஆகவே தெற்கில் தாழ்வாரம், வடக்கில் பெரிய ஜன்னல்கள், கிழக்கிலும் மேற்கிலும் வெற்றுச் சுவர். கரும்பலகை கிழக்குச் சுவரில் இருந்ததால், அதைப் பார்த்து உட்கார்ந்த எங்களுக்கு வடக்கு ஜன்னலின் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது. வலக்கையால் எழுதுகிறவனுக்குத் தன் கை நிழல் சிலேட்டில் படாது. வெள்ளிக்கிழமைதோறும் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அந்தப் பலகையில் தேய்த்த நாங்கள் யாரும் இதைக் கவனித்ததில்லை. ஆனால் யாரோ ஒருவர் கவனித்து வரைந்திருக்கிறார்.

இனி மூட்டின் இரு பக்கங்கள். அடித்தளம் இரண்டுக்கும் ஒன்றே: சேர்வராயன் மலையே எந்தப் பாறையால் ஆனதோ, அந்தச் சார்னோக்கைட் கருங்கல். மேலே போனால் வேறுபாடு தெரியும். முதல் நான்கு அறைகளுக்கு மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய வகைக் கூரை. தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவசமாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. கடைசியாக மேலே தட்டோடு என்ற தட்டையான ஓடு. இந்தக் கனத்தைத் தாண்டி வெயிலின் சூடு உள்ளே இறங்குவதற்குள் பள்ளி விட்டுவிடும். அடுத்த மூன்று அறைகளுக்கு 4 அங்குலக் கான்கிரீட். 1950களில் சிமெண்டும் கம்பியும் பெர்மிட்டில் கிடைத்த சரக்கு. 1963இல் சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வந்த பின் எங்கள் பக்கத்தில் கான்கிரீட் எட்டும் பொருளாயிற்று. புதிது என்பதால் ஐந்தாம் வகுப்பை அங்கே மாற்றினார்கள். சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கே தலைக்கு மேல் தோசைக்கல் காய்ந்ததுபோல் இருக்கும். ஆசிரியரே எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்துவிடுவார்.

கான்கிரீட் பகுதியின் சன்ஷேடுகளில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரை பெயர்ந்து விழுகிறது. கம்பியை மூடிக் காக்க வேண்டிய காரை அரை அங்குலம்கூட இல்லை. சுண்ணாம்புப் பகுதியிலும் பழுது இருக்கிறது, ஆனால் அது கட்டியவர்கள் குற்றமல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஓர் ஒப்பந்ததாரர், ஒழுகுகிறது என்று தட்டோட்டின் மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார். சுண்ணாம்பு மூச்சுவிடும் பொருள். மழையில் வாங்கிய ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் மூடியதால் விரிசல் வழியே இறங்கிய நீர் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் பதிந்த சட்டங்களின் முனைகளில் தங்கிவிட்டது. ஒரு முனையில் திருப்புளியைக் குத்தினேன். ஈரக் கருப்பட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. அதே சட்டத்தின் நடுவில் குத்தியபோது முனை வழுக்கித் தெறித்தது.

சிமெண்ட் பூச்சை உரித்து, உளுத்த முனைகளை வெட்டிப் புதுத் தேக்கு ஒட்டி, தட்டோட்டைச் சுண்ணாம்பிலேயே மறுபடி பதித்தால் அந்த நான்கு அறைகளும் நிற்கும் என்றும், இடிக்க வேண்டியவை பின்னால் வந்த மூன்றும்தான் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தளம் அடிக்கத் தெரிந்த ஆட்களைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.