‘போல’ வந்தால் உவமையா?

அன்புள்ள அம்மா,

மொரிசியஸில் ரோஸ் ஹில் பக்கம் கோயில் வகுப்பு ஒன்றில் சனிக்கிழமைதோறும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயது. வீட்டில் எல்லாரும் பேசுவது கிரியோல் மொழிதான். உவமை, உருவகம் இரண்டுக்கும் இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். புதிதாக ஒரு வரியைக் கொடுத்தால் விழிக்கிறார்கள். இந்த வயதில் அணி தேவைதானா, விட்டுவிடலாமா?

க., ரோஸ் ஹில்

அன்புள்ள தம்பி,

விடவேண்டாம், ஆனால் அணி என்ற சொல்லைக் கொஞ்ச நாள் பெட்டிக்குள் வையுங்கள். “போல வந்தால் உவமை” என்றுதானே முதல் நாள் சொல்லிக்கொடுத்தீர்கள்? நானும் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். ஒரு நாள் ஒரு பையன் சன்னல் பக்கம் திரும்பி, “டீச்சர், மழை வரும்போல இருக்கு, இது உவமையா?” என்று கேட்டான். போல இருக்கிறது, உவமை இல்லை. மலர்முகம் என்பதில் போல இல்லை, ஆனால் உவமை இருக்கிறது. அன்றோடு அந்தச் சூத்திரத்தை விட்டேன்.

தாமரை முகம் என்ற பாடத்திலும் மாட்டிக்கொண்டேன். படம் வரையச் சொன்னால் ஒரு பிள்ளை ஓரம் மடிந்த பெரிய தாம்பாளமாக முகத்தை வரைந்து வைத்திருந்தாள்! பாம்ப்ளமூஸ் தோட்டத்துக் குளத்தில் மிதக்கும் அந்த ராட்சத அல்லி இலையைத்தான் அவள் தாமரை என்று நினைத்திருக்கிறாள். தப்பு அவளுடையது இல்லை. அவள் கண்ணால் பார்த்ததிலிருந்து நான் தொடங்கவில்லை.

அவர்கள் பார்த்ததும் கேட்டதும் வீட்டிலேயே இருக்கிறது. பாட்டி “சிராந்தான்!” என்றால் பிள்ளைகள் “சாம்பெக்!” என்று கத்துவார்களே, அந்தக் கிரியோல் விடுகதைகள். “திலோ திபூத்?” என்றால் நிற்கும் தண்ணீர், விடை கரும்பு. “திலோ பாந்தான்?” என்றால் தொங்கும் தண்ணீர், விடை தேங்காய். பொருளை ஒளித்துவிட்டு அதைப்போன்ற இன்னொன்றை மட்டும் காட்டுகிற விளையாட்டு இது. தொல்காப்பியர் விடுகதையைப் பிசி என்கிறார், அதன் ஒரு வகை ‘ஒப்பொடு புணர்ந்த உவமம்’ என்றே சொல்லிவிட்டார், ஆக நாம் ஒன்றும் குறுக்கு வழியில் போகவில்லை. ஒளித்த பொருளை வெளியே இழுங்கள்: நிற்கும் தண்ணீர் போன்ற கரும்பு. உவமை வந்துவிட்டது.

அப்புறம் கேள்வி ஒன்றே ஒன்று: எதில் ஒன்றாக இருக்கிறது? இதற்கும் தொல்காப்பியரிடமே விடை உண்டு, வினை, பயன், மெய், உரு என்று நான்கு. செய்கிற வேலை, கிடைக்கிற பலன், வடிவம், நிறம் என்றால் பிள்ளைகளுக்குப் புரியும். போர்ட் லூயியிலிருந்து பார்த்தால் தெரிகிற ல பூஸ் மலையைக் காட்டுங்கள், பெயரே கட்டைவிரல்தான், எதில் ஒப்பு என்று கேட்டால் பெருவிரலை நிமிர்த்திக் காட்டிவிடுவார்கள். வடிவம். மழை வரும்போல என்பதில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், ஒப்பிட இரண்டாவது பொருளே இருக்காது.

உருவகத்துக்கு நான் நேரம் அதிகம் செலவிடுவதில்லை. மலர்முகத்தைத் திருப்பிப் போட்டு முகமலர் ஆக்கிக் காட்டுவேன். முகம் மலர் மாதிரி இருக்கிறது என்ற பேச்சு போய், முகமே மலராகிவிட்டது. தேர்வுக்குப் பெயர்கள் வேண்டுமே என்பீர்கள். வேண்டும்தான், கடைசி இரண்டு வாரம் போதும்.

போன மாதம் ஒரு சின்னப்பெண் சொன்னாள்: “எங்க தாத்தா குக்கர்.” ஏன் என்றேன். “சூடானா சத்தம், அப்புறம் சோறு.” சத்தம் வினை, சோறு பயன் என்று ஒரு கூட்டம், போல இல்லையே, இது உருவகம் என்று இன்னொரு கூட்டம். மணி அடித்த பிறகும் யாரும் பையை எடுக்கவில்லை.