கேழ்வரகு மட்டும் போட்டால் குஞ்சு தேறுமா?
கோழி வளர்ப்பு: கேள்வி - பதில்

கூண்டில் 30 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறோம். வயது 3 வாரம். கேழ்வரகும் அரிசி நொய்யும் போடுகிறோம். நன்றாகத் தின்றாலும் இறக்கை தொங்குகிறது, உடம்பு ஏறவில்லை. ஏன்?
வாசகி, பென்னாகரம்

முதலில் எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்திருந்தால் அது ரத்தக்கழிச்சல். தீவனத்தை மாற்றித் தீராது. அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

ரத்தம் இல்லையென்றால் பெரும்பாலும் புரதக் குறைதான். முதல் 8 வாரம் குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதம் புரதம் வேண்டும். கேழ்வரகிலும் நொய்யிலும் 7, 8 சதவீதம்தான் உண்டு. தாயோடு மேயும் குஞ்சு கரையானையும் புழுவையும் பொறுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். கூண்டுக் குஞ்சுக்கு நாம் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்காகக் கேழ்வரகைக் கைவிட வேண்டாம். நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும் நல்ல தானியம் அது. பங்கை மட்டும் குறையுங்கள். 10 கிலோ தீவனத்துக்கு மக்காச்சோளம் 5 கிலோ, கேழ்வரகு 1 கிலோ 200 கிராம், சோயா புண்ணாக்கு 2 கிலோ 800 கிராம், உப்பில்லாத கருவாட்டுத் தூள் 700 கிராம், கோழிக்கான தாது உப்புக் கலவை 250 கிராம், உப்பு 25 கிராம். இதோடு கோழிக்கான விட்டமின் கலவையைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் சேருங்கள்.

மக்காச்சோளத்தை ரவைப் பதத்தில் உடைக்க வேண்டும். மாவாகிவிட்டால் அலகில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரும் கெடும். தாது உப்பு, உப்பு, விட்டமின் மூன்றையும் அரை கிலோ கேழ்வரகு மாவில் நன்றாகப் புரட்டிய பிறகே மொத்தத்தில் கலக்குங்கள். நேரடியாகக் கொட்டினால் ஒரு மூலையிலேயே தங்கி, சில குஞ்சுகளுக்கு அதிகமாகவும் சிலவற்றுக்குச் சுத்தமாக இல்லாமலும் போகும்.

கடையில் வாங்கும் கருவாட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேண்டாம். உப்பு மிகுந்தால் குஞ்சு தண்ணீராகக் கழியும், சாகவும் செய்யும். பச்சை சோயா பயறை அரைத்துப் போடுவதும் தவறு. வேக வைக்காத சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. புண்ணாக்கில் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் 30 குஞ்சுகளுக்கு 10 கிலோ ஏறத்தாழ இரண்டு வாரம் வரும். அதற்கு மேல் அரைத்து வைத்தால் கருவாட்டுக் கொழுப்பு சிக்கு வாடை அடித்துவிடும். பழைய தீவனத்தோடு கலந்து 4 நாளில் மெல்ல மாற்றுங்கள். தட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பினால் இறைப்பது குறையும்.

முட்டைக்கோழிக்கு வாங்கிய லேயர் தீவனம் மீதமிருக்கிறது. 4 வாரக் குஞ்சுக்குப் போடலாமா?
வாசகர், காவேரிப்பட்டணம்

கூடவே கூடாது. லேயர் தீவனத்தில் ஓடு கட்டுவதற்காகச் சுண்ணாம்புச்சத்து 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும்; குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். மிச்சத்தைக் கழிக்க முடியாமல் சிறுநீரகம் கெடும். இறந்த குஞ்சை அறுத்தால் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை படிந்திருக்கும். முட்டையிடத் தொடங்கிய கோழிகளுக்கே அதைப் போடுங்கள்.

2 வாரக் குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கால்விரல் உள்பக்கம் மடங்கி, முட்டியால் நடக்கின்றன. வாதமா?
வாசகர், காரிமங்கலம்

இந்த வயதில் விரல் சுருண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பி2 விட்டமின் குறை. வீட்டுத் தீவனத்தில் விட்டமின் கலவை சேர்க்காமல் விட்டவர்களிடம் இது அதிகம். பி காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுங்கள். தொடக்கத்திலேயே கொடுத்தால் நிமிரும். நாள்பட்டால் நரம்பு கெட்டுவிடும், திரும்பாது. படுத்துவிட்ட குஞ்சின் எட்டும் தூரத்தில் தண்ணீரும் தீவனமும் வையுங்கள். பலதும் பட்டினியால்தான் சாகின்றன.

மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் லேசாகப் பூசணம். கழுவிக் காயவைத்துப் போடலாமா?
வாசகி, தேன்கனிக்கோட்டை

வேண்டாம். பூசணத்தைக் கழுவலாம், அது விட்ட அஃப்ளாடாக்சின் நஞ்சு தானியத்துக்குள் இருக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. குஞ்சின் ஈரலைக் கெடுக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டும் பலிக்கவில்லை என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம். சரியாகக் காயாத கடலைப் புண்ணாக்கிலும் இதே ஆபத்து உண்டு. சோளத்தைப் பல்லால் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும்; நசுங்கினால் இன்னும் காயவில்லை. மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். நிறைய வாங்கியிருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மூட்டையின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.