சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது!

கேள்வி: எனக்கு 56 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு வருடமாகக் கட்டில் முனையிலும் கதவு நிலையிலும் அடிக்கடி இடித்துக்கொள்கிறேன். மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் கால் தவறுகிறது. குளிக்கும்போது முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது. சுத்த சைவம், பால், தயிரும் பிடிக்காது. இதற்கு உடற்பயிற்சி ஏதும் உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டில் முனையில் இடித்துக்கொள்ளாத ஆள் யார் இருக்கிறார்கள்? அதை விடுங்கள். கடைசிப் படி தவறுவதற்கு, நீங்கள் பைஃபோகல் கண்ணாடி போடுகிறீர்கள் என்றால், அதுவேகூடக் காரணமாகலாம். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது; அதன் வழியே படியைப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தச் சோப்பு வரியைத்தான்.

நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் போகிறது: கண், உள்காது, அப்புறம் தசையிலும் மூட்டிலும் இருக்கும் உணர்நரம்புகள். சாப்பிடும்போது கரண்ட் போனாலும் கை தடுமாறாமல் வாய்க்குப் போகிறதே, அது இந்த மூன்றாவதன் வேலை. அது மந்தமானால் கண் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்; நமக்குத் தெரியாது. கண்ணை மூடியதும் குட்டு உடைந்துவிடும். நரம்பு மருத்துவர்கள் நோயாளியைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வது இதற்காகத்தான். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ரோம்பெர்க்கின் பெயரில் இன்றும் நடக்கும் சோதனை அது.

ஆகவே பயிற்சிக்கு முன்னால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12, சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் கிடைக்கும். உங்கள் தட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. அது குறைந்தால் இந்த உணர்வைக் கொண்டுபோகும் தண்டுவட நரம்புகள் கெடும். நாள்பட விட்டால் முழுதாகச் சரியாகாமலும் போகலாம். வெறும் பயிற்சியில் மாதக்கணக்கை ஓட்டாதீர்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஆடும் பலகை, ரப்பர் மெத்தை என்று கடையில் விற்பதெல்லாம் இப்போது வேண்டாம். சமையல் மேடை போதும். செருப்பில்லாமல் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி நில்லுங்கள். பிறகு அடுத்த கால். ஒரு காலுக்கு ஐந்து முறை. பழகியபின் பிடியை ஒரு விரலாகக் குறையுங்கள். அடுத்தது, டைல்ஸ் கோட்டின்மேல் ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி, சுவரோரமாக நடப்பது. காலைக் குனிந்து பார்க்காதீர்கள். பார்த்தால் வேலை மறுபடி கண்ணுக்கே போய்விடும்.

கண்ணை மூடிச் செய்வதை உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். இடது கையை ஏதோ ஓர் உயரத்தில் நீட்டி, வலது கையை அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, கண்ணைத் திறந்து பாருங்கள். முதல் நாள் சிரிப்பு வரும், அவ்வளவு வித்தியாசம் இருக்கும். பேத்தி இருந்தால் சொட்டாங்கல் ஆடுங்கள். கல்லை மேலே போட்டுவிட்டு, தரையில் உள்ளதை அள்ளி, விழுவதைப் பிடிப்பது கைக்கும் கண்ணுக்கும் அருமையான பயிற்சி.

தள்ளாட்டம் திடீரென்று அதிகமானாலோ, பேச்சு குழறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, பரிசோதனை முடிவு வரும்வரை குளியலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, முகத்துக்குச் சோப்பு போடுவதை மட்டும் உட்கார்ந்து செய்யுங்கள்.