கேள்வி-பதில்: பாவித்த மீன்தொட்டியும் மலைநாட்டுக் குளிரும்

அண்மையில் வந்த கடிதங்களில் பெரிய மீன்தொட்டிகளைப் பற்றியவை மட்டும் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. அவற்றைச் சுருக்கி, இம்முறை வேறு எதையும் கலக்காமல் பதில் தருகிறேன்.

கேள்வி: வெளிநாடு செல்லும் குடும்பம் ஒன்று, நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியைத் தாங்கி, பில்டர், ஹீட்டர் சகிதம் 35,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறது. ஒரு வருடமாகக் காலியாக இருக்கிறதாம். எதைப் பார்த்து வாங்குவது? (ஹட்டன்)

பதில்: தண்ணீர் நிரப்பிப் பார்த்து வாங்குங்கள். காலித் தொட்டியைத் தட்டிப் பார்த்துத் தலையசைப்பது சோதனை ஆகாது. ஒரு வருடம் காய்ந்து கிடந்த தொட்டியில், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கன் பசை சுருங்கி, மூலைகளில் விட்டுப்போயிருக்கலாம். சமதரையில் ரெஜிபோம் விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து, விளிம்புவரை நிரப்பி, சுற்றிலும் பழைய பத்திரிகைத் தாள்களைப் போட்டு இரண்டு நாட்கள் விடச் சொல்லுங்கள். கசிவிருந்தால் தாள் காட்டிக்கொடுக்கும். விற்பவர் இதற்கு மறுத்தால், உட்புறச் சிலிக்கன் முழுவதையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசும் கூலியை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். பழைய சிலிக்கனின்மேல் புதியது ஒட்டாது என்பதால், கசியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அப்பிவிடுவது பயன் தராது. குளியலறைக்கென விற்கப்படும் பங்கசுநாசினி கலந்த சிலிக்கனையும் கிட்டக் கொண்டுவரக் கூடாது. அது மீனைக் கொல்லும்.

கண்ணாடியின் தடிப்பையும் அளந்து பாருங்கள். இந்த அளவுத் தொட்டிக்கு 6 மில்லிமீற்றர் கண்ணாடி என்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். அது கொள்ளும் நீர் ஏறத்தாழ 255 லீற்றர். கல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவை நெருங்கும்.

பில்டரை நீரில் ஓடவிட்டு, காதால் கேட்டு எடுங்கள். கண்டியில் ஒரு கடையில் நான் வாங்கிய பாவித்த பில்டர் அங்கே நன்றாகத்தான் உறுமியது. வீட்டுக்கு வந்த பிறகு உறுமல் மட்டும் இருந்தது, தண்ணீர் வரவில்லை. பற்றுச்சீட்டு இல்லாததால் அது இன்னமும் என் அலுமாரியின்மேல் இருக்கிறது. ஹீட்டரைப் பொறுத்தவரை, பழையதை நம்பவே வேண்டாம். அதன் வெப்பநிலைக் கட்டுப்பாடு ஒட்டிக்கொண்டால் ஒரே இரவில் மீன் வெந்துபோகும்.

கேள்வி: பழைய மரப்பலகைத் தளமுள்ள வீட்டின் மேல்மாடியில் இதே அளவுத் தொட்டியை வைக்கலாமா? (நானுஓயா)

பதில்: கூடாது.

கேள்வி: பாவித்த நான்கடித் தொட்டியை வாங்கி, அன்றே கடையிலிருந்து 30 மீன்களும் வாங்கி விட்டேன். பத்து நாட்களில் 26 செத்துவிட்டன. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்கிறார். (நுவரெலியா)

பதில்: கடைக்காரர் சொன்னது உண்மை, ஆனால் அதை விற்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். தொட்டியும் மீனும் ஒரே நாளில், ஒரே பில்லில் விற்கப்படும் வழக்கத்தைப் பற்றி இந்தப் பகுதியில் முன்பும் எழுதியிருக்கிறேன். அது நிற்கும்வரை எழுதிக்கொண்டிருப்பேன்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றிய பிறகே மீனுக்குப் பெரும் ஆபத்து விலகுகிறது. இந்தப் பற்றீரியாக்கள் பெரும்பாலும் குடியிருப்பது பில்டரின் பஞ்சில். அவை போதிய அளவு பெருக, வெதுவெதுப்பான நீரில் நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். குளிர்ந்த நீரில் அதைவிடக் கூடுதலாகும். பாவித்த தொட்டி என்பதால் எல்லாம் தயாராக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பஞ்சு ஈரமாகவே, உயிரோடு வந்திருந்தால் அது உண்மை. காய்ந்த பஞ்சில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. முதல் நாளே முப்பது மீன்களை விடுவது, நாற்று நட்ட அன்றே கொழுந்து பறிக்கக் கூடையோடு நிற்பதைப் போன்றது. மீன் விடாமல் தினமும் ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் போட்டு, சொட்டு மருந்துவகைச் சோதனைப் பெட்டியால் நீரைப் பரிசோதித்து, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பிறகும் ஐந்தாறு மீன்களாக, வாரங்கள் விட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

உங்கள் ஊருக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. 26 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கிய நீர், கொழும்பில் தாங்கும் ஒட்சிசனைவிட அங்கே ஐந்திலொரு பங்கு குறைவாகவே தாங்கும். எனவே கொழும்புக் கணக்கில் மீன் விடக் கூடாது. காற்றுப் பம்பும் நிற்கக் கூடாது. எஞ்சிய நான்கையும் காப்பாற்ற, தினமும் நீரில் கால் பங்கை மாற்றி, உணவைப் பாதியாகக் குறையுங்கள்.

முப்பது மீன்களை எண்ணி வாங்கியவருக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்கத் தோன்றவில்லையே என்ற கோபமும் எனக்கு உண்டு.

கேள்வி: ஹீட்டர் போட்டால் மின்கட்டணம் எவ்வளவு கூடும்? போடாமலும் வளர்க்கலாமா? (கந்தப்பளை)

பதில்: இந்தக் குளிரில் நான்கடித் தொட்டியின் 255 லீற்றர் நீரை 25 பாகையில் வைத்திருக்க 200 வாட் ஹீட்டர்கள் இரண்டு வேண்டும். இரண்டாக வைப்பதில் ஒரு பாதுகாப்பும் உண்டு: ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு தாங்கும். இரண்டும் நாளுக்கு 12 மணித்தியாலம் எரிந்தால் 4.8 அலகு, மாதம் 144 அலகு. உங்கள் வழக்கமான பாவனையோடு இதைக் கூட்டிப் பாருங்கள், அடுத்த கட்டணப் படிக்கு ஏறிவிடுவீர்கள். மூடி போட்டு, பின்புறத்திலும் பக்கங்களிலும் ரெஜிபோம் ஒட்டினால் கொஞ்சம் மிச்சமாகும்.

ஹீட்டர் இல்லாமல் என்றால் கோல்ட் பிஷ், வைட் கிளவுட் மின்னோ இரண்டும் குளிருக்குப் பழகியவை. தடித்த உடலுள்ள கோல்ட் பிஷ் என்றால் இந்தத் தொட்டிக்கு ஐந்து அல்லது ஆறு போதும். கடையில் சுண்டுவிரல் அளவில் இருப்பது அப்படியே இருக்காது. ஏஞ்சல், ஒஸ்கார் ஆகியவற்றை ஹீட்டரின்றி நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: தோட்டத்துப் பீலித் தண்ணீரைத் தொட்டிக்குப் பாவிக்கலாமா? (தலவாக்கலை)

பதில்: குளோரீன் இல்லை என்பது அதன் நன்மை. ஆனால் மேலே தேயிலை இருந்தால் கவனம் தேவை. 1946இல் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய்க்கு மழைக்காலங்களில் செப்புக் கலந்த பங்கசுநாசினி தெளிக்கிறார்கள்; மீனுக்கும் நத்தைக்கும் செப்பு நஞ்சு. தெளிக்கும் நாட்களிலும் அதையடுத்து வரும் மழையிலும் பீலியில் நீர் பிடிக்காதீர்கள். மலைநாட்டு ஊற்றுநீர் பெரும்பாலும் தாதுக்கள் குறைந்த மென்னீர் என்பதால் கப்பி, மொலி போன்றவற்றுக்கு அது அவ்வளவு ஒத்துவராது. குளிர்ந்த நீரை அப்படியே ஊற்றவும் வேண்டாம். கேத்தலில் கொதித்த நீரைக் கலந்து, தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் தொடங்குகிறது.

கேள்வி: ஒரு "டேங்க் கிளீனர்" மீனை விட்டால் தண்ணீர் மாற்றத் தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள். உண்மையா? (பண்டாரவளை)

பதில்: பொய். அது ஓர் அடிக்குமேல் வளர்ந்து தானும் கழிவைச் சேர்க்கும். பிறகு தாங்க முடியாமல் அதைக் கொண்டுபோய் ஆற்றில் விடுபவர்களால்தான் நம் நீர்நிலைகளில் அது ஆக்கிரமிப்பு மீனாகப் பெருகியிருக்கிறது.

கேள்வி: தொலைபேசியில் விளம்பரம் பார்த்து, "கசிவே இல்லை" என்ற உறுதியின்பேரில் 40,000 ரூபாவை வங்கியில் செலுத்தித் தொட்டியை இறக்கினேன். இரண்டாம் நாள் இரவு மூலை விட்டு, வீடெல்லாம் தண்ணீர். இப்போது அவர் அழைப்பை எடுப்பதில்லை. ஏமாந்தது என் குற்றம்தானா? (வெலிமடை)

பதில்: இல்லை. பொய் சொன்னவர் அவர். விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் அழியாமல் படமெடுத்து வையுங்கள். வங்கிச் சீட்டையும் கசிந்த மூலையின் படங்களையும் அவற்றோடு சேருங்கள். அவர் இதைத் தொழிலாகச் செய்யும் வியாபாரி என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில், தாமதிக்காமல் எழுத்து மூலம் முறையிடுங்கள். அவர்களின் துரித இலக்கம் 1977. வீட்டுப் பொருளை விற்ற தனியாள் என்றால் அங்கே போவதில் பயனில்லை. உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கு எழுதுங்கள். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. உடைந்த தொட்டியை அதுவரை எறிந்துவிடாதீர்கள்; அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: மகனுக்கு நாளைக்குப் பிறந்தநாள். பாவித்த தொட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மீனோடு சேர்த்துக் கொடுக்கலாமா? (பதுளை)

பதில்: தொட்டியை நாளைக்குக் கொடுங்கள். மீனை இரண்டு மாதங்கள் கழித்துக் கொடுங்கள்.