வாய்க்கால் சேற்றில் நெளிவது அயிரைதானா?

கேள்வி: மேலூர் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறேன். தண்ணீர் வற்றிவரும் என் வயல் வாய்க்காலில் விரல் நீளத்துக்கு மீசை வைத்த பொடிமீன் கிடக்கிறது. வியாபாரி அயிரை என்று விலை பேசுகிறார். பக்கத்து வயல்காரர் கெளுத்திக் குஞ்சு என்கிறார். எது சரி? எவ்வளவு மீன் இருக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: மீசையை வைத்து முடிவு கட்டாதீர்கள் ஐயா, அது இரண்டுக்கும் உண்டு. கெளுத்திக்கு மீசை நீளம், வால் கவைபோல் பிளந்திருக்கும், முதுகு முள் கையைப் பதம் பார்க்கும். அயிரைக்கு மீசை குட்டை, வால் நுனி வெட்டிவிட்டது போல இருக்கும், விலாவில் கறுப்புத் திட்டுகள் வரிசையாக ஓடும். அப்படியும் தீரவில்லையென்றால் கண்ணுக்குக் கீழே பாருங்கள். அயிரை என்றால் நுனி இரண்டாகப் பிளந்த சின்ன முள் ஒன்று மடங்கிக் கிடக்கும். மீன் மிரண்டால் அதை நிமிர்த்தும். மலையோடைக் கற்களுக்கிடையே வாழும் கல் அயிரைக்கு அந்த முள் கிடையாது.

வாய்க்கால் சூடேறிவிட்டதே என்று பதற வேண்டாம். வாய்க்கால் அயிரைக்கு 1846இல் அறிவியல் பெயர் வைத்தபோது மாதிரி கிடைத்த இடம் திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்று! மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலும் மூச்சு வாங்கும். சந்தைப் பாத்திரத்தில் அது உயிரோடு துள்ளுவது அதனால்தான்.

இனிக் கணக்கு. வலையை வீசி எண்ணினால் ஏமாந்துபோவீர்கள், பாதி மீன் மணலுக்குள் புதைந்திருக்கும். 56 செ.மீ. விட்டமுள்ள பழைய பிளாஸ்டிக் டிரம்மின் அடியை அறுத்தெடுங்கள். உள்ளே கால் சதுர மீட்டர் இடம். அதைச் சேற்றில் அழுத்தி, கொசுவலைத் துணி கட்டிய கரண்டியால், மூன்று முறை வெறுங்கரண்டி வரும்வரை அரியுங்கள். மணல், சேறு, பாசி என்று மாறி மாறி 20 இடங்களில் செய்தால் 5 சதுர மீட்டர் ஆகும். மொத்தம் 40 மீன் வந்தால் சதுர மீட்டருக்கு 8. வாய்க்கால் 100 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்றால் சுமார் 1,200 மீன். பிடித்த 40 மீனையும் எடை போட்டால் கிலோ கணக்கும் வந்துவிடும், வியாபாரியிடம் பேசலாம்.

வயிறு பருத்த சினை மீனைத் தனியே பிரித்து, மடையடிப் பள்ளத்தில் விட்டுவிடுங்கள். அடுத்த மழைத் தண்ணீருக்கு அதுதான் விதை. டிரம்மைக் கண்மாய்க்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அங்கே மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகைக்காரர் இருப்பார்.